சேர்க்கை சரியில்லை!

வாழைப்பூவை ஆய்ந்ததும் ஏன் மோரில் போடுகிறார்கள்? சமையல்கட்டில் கேட்டுப் பாருங்கள். 'கறுக்காம இருக்க' என்று ஒரு பதில் வரும். 'துவர்ப்பு போக' என்று இன்னொரு பதில் வரும். இரண்டுமே சரி. இந்த வாரம் நமக்கு வேண்டியது இரண்டாவது பதில்.

துவர்ப்பு ஒரு விசித்திரமான சமாச்சாரம். அறுசுவையில் ஒன்று என்று நாம் காலங்காலமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். விஞ்ஞானிகளில் பல பேர் அதை ருசி என்றே ஒப்புக்கொள்வதில்லை. தொடு உணர்வு என்கிறார்கள். பாக்கையோ நாவல்பழத்தையோ கடித்தால் நாக்கு உலர்ந்து, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிறதே... அது எதனால்? நம் எச்சிலில் வழவழப்பைக் கொடுக்கும் புரதங்கள் உண்டு. 'டானின்' என்கிற பொருள் போய் அவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வழவழப்பு போய் வாய் சொரசொரவென்று ஆகிவிடுகிறது. இதே டானின்தான் ஆட்டுத்தோலைப் பதப்படுத்திச் செருப்பாகவும் பையாகவும் மாற்றுகிறது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறப்போட்டு அந்தக் காலத்தில் தோல் பதனிட்டது இதை வைத்துத்தான். ஆக, நீங்கள் பாக்கு மெல்லும்போது உங்கள் வாய்க்குள் ஒரு குட்டி டேனரி நடக்கிறது!

மோரில் இருப்பதும் புரதம். வாழைப்பூவின் டானின் அதைப் பிடித்துக்கொண்டு நம் எச்சிலை விட்டுவிடுகிறது. டீயில் பால் சேர்த்தால் கடுமை குறைவதும் இப்படித்தான்.

இப்போது ஒரு பாட்டிலைத் திறப்போம். பதற வேண்டாம், கட்டுரைக்குள் மட்டும்தான்.

கறுப்புத் திராட்சையை நசுக்கினால் பெரும்பாலும் வெளிறிய சாறுதான் வரும். நிறமெல்லாம் தோலில் இருக்கிறது. சிவப்பு ஒயின் செய்கிறவர்கள் சாற்றோடு தோலையும் கொட்டையையும் சேர்த்தே நாள்கணக்கில் நொதிக்க விடுகிறார்கள். சிவப்பு இறங்குகிறது, கூடவே துவர்ப்பும் இறங்குகிறது. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தமிழைப் பாருங்கள். 'துவர்' என்றால் துவர்ப்பு. அதே 'துவர்' என்றால் சிவப்பு. பவளத்துக்கு அந்தப் பெயர் உண்டு. காவி உடுத்தினால் துவராடை. பாக்குக்குத் துவர்க்காய். நம் முன்னோர் ஒயினை மனதில் வைத்து இந்தச் சொல்லைச் செய்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வெற்றிலை பாக்கே போதும், இரண்டையும் ஒன்றாகக் காட்ட!

அதற்காக ஒயின் நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவை ஒரு பாண்டியன் பொற்கிண்ணத்தில் அருந்தியதாக நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்த மது வந்த ஜாடிகளின் துண்டுகளே கிடைத்தன.

சிவப்பு ஒயினிலேயே திடமானவை என்று சில உண்டு. கேபர்னே சாவின்யோன் ஒன்று. 'சிரா' இன்னொன்று. பிரான்ஸில் சிரா, ஆஸ்திரேலியாவிலும் நம் நாசிக், நந்தி மலைப் பக்கத்திலும் 'ஷிராஸ்'. முதன்முறையாக இதைத் தனியாக ஒரு வாய் குடிக்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கஷாயம் குடித்த குழந்தை மாதிரி சுருங்கும். 'இதையா இவ்வளவு காசு கொடுத்து...' என்று ஒரு பார்வை.

அவரிடமே கொழுப்போடு வெந்த ஒரு துண்டு ஆட்டுக்கறியைக் கொடுங்கள். மென்று விழுங்கியதும் அடுத்த வாய் குடிக்கச் சொல்லுங்கள். அதே பாட்டில், அதே தம்ளர். ஆனால், கடுமையைக் காணோம்! பழவாசனை மேலே வருகிறது, கறியின் பிசுபிசுப்பும் நாக்கைவிட்டுப் போகிறது. மோரின் வேலையை இங்கே கறி செய்துவிட்டது.

இதைத்தான் மேல்நாட்டில் 'ஜோடி சேர்ப்பது' என்று பெரிய வித்தையாக வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கால், நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சி, நாள்பட்ட சீஸ் இதெல்லாம் திடமான சிவப்புக்குப் பொருத்தம். மீன் பொருந்தாது. ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பும் என்று 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பச்சை மிளகாய் போட்டு அரைத்த நம் காரக்குழம்பும் ஆகாது. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் எரிய வைக்கும். ஆனால், மிளகு? அது வேறு கதை. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வந்தவாசி வழியாகப் போக வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஆட்டுக்கறி வந்ததும் அந்த ஒயின் சாது ஆகிவிட்டதே, அப்படியானால் முன்பிருந்த கடுமை யாருடையது? ஒயினின் குணம் அது என்றால், இப்போது எங்கே போயிற்று? ஒயினின் குணம் இல்லை என்றால், தனியாகக் குடித்தபோது எங்கிருந்து வந்தது?

'குணம் என்று தனியாக ஒன்றும் இல்லை சார், எல்லாம் சேர்க்கைதான்' என்று சொல்லத் தோன்றும். வள்ளுவரே நம் கட்சி மாதிரித் தெரிகிறார். 'சிற்றினம் சேராமை' அதிகாரத்தில், விழுந்த மண்ணின் இயல்பை நீர் எடுத்துக்கொள்வதைப்போல மனிதனுடைய அறிவும் அவன் சேர்ந்த கூட்டத்தின்படி ஆகிவிடுகிறது என்கிறார். மண்ணால் திராட்சையின் ருசி மாறுவதற்கு பிரெஞ்சுக்காரர்கள் 'டெர்வார்' என்று ஒரு வார்த்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் அதைக் காட்டி விலையை ஏற்றுகிறார்கள்!

நம் அம்மாக்களும் வள்ளுவர் பக்கம்தான். பிள்ளை முதன்முதலாகத் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வரும் ராத்திரி, எந்த அம்மாவும் 'என் பிள்ளை சரியில்லை' என்று சொன்னதில்லை. 'சேர்க்கை சரியில்லை' என்றுதான் சொல்வார். அடுத்த வீட்டு அம்மாவும், அவர் பிள்ளையைப் பற்றி, இதையே சொல்லிக்கொண்டிருப்பார். ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள், சேர்க்கை மட்டும்தான் கெட்டது என்றால், அந்தச் சேர்க்கையில் இருப்பது யார்?!

இதை ஒரு மனிதரை வைத்துப் பார்க்கலாம். பிரான்ஸில் ரோன் நதிக்கரையில் 'எர்மிதாஜ்' என்று ஒரு குன்று. சிரா என்றாலே ஒயின் ரசிகர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் இடம். அந்தக் காலத்தில் சோனியாக இருந்த போர்தோ ஒயின்களுக்குத் தெம்பு ஏற்றுவதற்குக்கூட இந்த எர்மிதாஜைக் கலந்திருக்கிறார்கள். அந்தக் குன்றிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் ரோமான் என்ற ஊர். அங்கே 1702-ல் ஒரு குழந்தை பிறந்தது. அயர்லாந்து வம்சம், பிரெஞ்சுப் படை. பெயர் லாலி. ஆமாம், வந்தவாசிப் போரில் தோற்ற அதே லாலி!

ஐரோப்பாவில் இருந்தவரை லாலிக்கு நல்ல பெயர். 1745-ல் ஃபோன்டெனுவா போரில் ஆங்கிலேயரைச் சிதறடித்ததில் ஐரிஷ் படைக்குப் பெரிய பங்கு. லாலியை அந்தப் போர்க்களத்திலேயே பிரிகேடியர் ஆக்கினார் மன்னர் பதினைந்தாம் லூயி. முகத்துக்கு நேரே பேசுகிறவர், பயம் அறியாதவர், லஞ்சத்தைக் கண்டால் கொதிக்கிறவர். 'புதுச்சேரிக் கம்பெனியில் ஊழல் பெருத்துவிட்டது, இவரை அனுப்பினால் சுத்தம் செய்வார்' என்று 1757-ல் கப்பல் ஏற்றினார்கள்.

இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து ரகளை. கவர்னர் லெய்ரியோடு சண்டை. கப்பற்படைத் தலைவர் தாஷேயோடு சண்டை. தக்காணத்தை விரல் நுனியில் வைத்திருந்த புஸ்ஸியை அவசரமாக வரவழைத்து, அவர் சொன்ன எதையும் கேட்காமல் அவரோடும் சண்டை. 'நீங்களெல்லாம் திருடர்கள்' என்கிற தொனியில் புதுச்சேரி கவுன்சிலுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அவர் சொன்னதில் நிறைய உண்மை இருந்தது என்பதுதான் வேடிக்கை. யாருக்குப் பிடிக்கும்? சம்பள பாக்கியில் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். சென்னைக் கோட்டையை 1758 டிசம்பரில் முற்றுகையிட்டுவிட்டு, பிப்ரவரியில் வெறுங்கையோடு திரும்பினார்.

கடைசியில் 1760 ஜனவரி 22. ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த வந்தவாசிக் கோட்டையை மீட்கப் போன லாலியின் எதிரில் அயர் கூட் படையோடு வந்து நின்றார். அவரும் அயர்லாந்துக்காரர்தான்! குதிரைப் படையின் தலைமையில் தானே நின்று 'பாயுங்கள்' என்றார் லாலி. குதிரைகள் அசையவில்லை, அதாவது அவற்றின் மேல் இருந்தவர்கள் அசையவில்லை. துணைக்கு வந்திருந்த மராட்டியக் குதிரைப் படை ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. பிரெஞ்சுப் படையின் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்து அவர்கள் ஆட்களையே சிதறடித்தது. புஸ்ஸி பிடிபட்டார். தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக் கனவு அன்று வந்தவாசி வயல்களில் கலைந்தது. மறு வருடம் புதுச்சேரியும் விழுந்தது. கைதியாக லாலி ஊரைவிட்டுப் போகும்போது கூச்சல் போட்டு அடிக்கப் பாய்ந்தவர்கள் ஆங்கிலேயர்கள் இல்லை, பிரெஞ்சுக்காரர்கள்!

படிக்கும்போது 'பாவம், நல்ல சரக்கு, தப்பான ஜோடி' என்று தோன்றுகிறதல்லவா? ஃபோன்டெனுவாவில் ஆட்டுக்கறியோடு பரிமாறிய எர்மிதாஜை இங்கே வஞ்சிரம் மீனோடு பரிமாறிவிட்டார்கள். ஐரோப்பாவில் 'தைரியசாலி' என்று பெயர் வாங்கிய அதே நேர்ப்பேச்சு, புதுச்சேரியில் 'முரடன்' ஆகிவிட்டது.

வந்தவாசி வரை வந்தாயிற்று, அந்த மிளகு பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். வந்தவாசி என்றால் இன்றைக்கு நமக்குப் போர் ஞாபகம் வராது, கோரைப்பாய்தான் ஞாபகம் வரும். அந்தக் கோரைக்கு ஒரு தாயாதி உண்டு, வயலில் களையாக மண்டும் கோரைக்கிழங்கு. சித்த வைத்தியத்தில் முத்தக்காசு. அதன் கிழங்கிலிருந்து 1960-களில் ஒரு வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்து, செடியின் லத்தீன் பெயரை ஒட்டி 'ரோட்டண்டோன்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிரா ஒயினில் மிளகு வாசனை அடிக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று ஆஸ்திரேலியாவில் பல வருடங்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2008-ல் விடை வந்தது. ரோட்டண்டோன்! மிளகின் வாசனையும் அதுதான். ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தால் போதும், மூக்கு பிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதனால்தான் மிளகு தூவிய கறி வறுவலும் சிராவும் பல நாள் பழகிய சிநேகிதர்கள் மாதிரிப் பேசிக்கொள்கின்றன.

அந்த ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு அதிகமாகக் கலந்து கொடுத்தாலும் இந்த வாசனை தெரியவே இல்லை! ஒரே மேஜையில் ஐந்து பேர், ஒரே பாட்டில், ஒருவருக்கு மட்டும் மிளகு இல்லை. ஆகவே, 'எனக்கு அவரிடம் அப்படி ஒரு குணமே தெரியலையே' என்று யாராவது சொன்னால் உடனே பொய் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, நம் ஊர் மேஜைக்கு வருவோம். ஜோடி சேர்ப்பது நமக்கும் தெரியும். சைட் டிஷ்! 2003-ல் அரசே சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த பிறகு, கடையை ஒட்டிய பார்களில் இதற்கென்றே ஒரு சமையற்கலை வளர்ந்தது. சுண்டல், மிளகு போட்ட ஆம்லெட், ஊறுகாய், உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று... ஆனால், நோக்கம் தலைகீழ். அங்கே ஒயினின் ருசியை மேலே கொண்டுவர உணவு. இங்கே சரக்கின் ருசி நாக்கில் படாமல் இருக்க ஊறுகாய். ஒரே மடக்கு, கண்ணை மூடிக்கொண்டு. ருசி வேண்டும் என்று குடிப்பது ஒன்று, ருசி தெரியாமல் இருந்தால் சரி என்று குடிப்பது ஒன்று.

இங்கே நம்மில் சிலருக்கு ஒரு நப்பாசை வருகிறது. முன்னது ரசனை, பின்னது குடி. முன்னது பண்பாடு, பின்னது சீரழிவு என்று. கண்ணாடித் தம்ளரைத் தண்டில் பிடித்துச் சுழற்றுகிறவர், பிளாஸ்டிக் தம்ளர்க்காரரை ஏளனமாகப் பார்க்கிறார். மேஜை விரிப்பும் வெந்த ஆட்டுக்காலும் வாங்க முடிகிறவருக்கு ஒழுக்கமும் கூடவே இனாமாக வந்துவிடுகிறது! எனக்கு இதில் சம்மதம் இல்லை. காரணம் சாதாரணமானது. ஆட்டுக்கறி டானினைப் பிடித்துக்கொள்கிறது. ஆல்கஹாலைப் பிடிப்பதில்லை. திடமான சிவப்பில் 14 சதவிகிதம் என்றால், கறிக்கு முன்பும் 14, கறிக்குப் பின்பும் 14. சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் ரத்தத்தில் ஏறுவது தள்ளிப்போகும், தள்ளுபடி ஆகிவிடாது. எந்த அளவு குடியும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னபோது, அதில் 'ஆட்டுக்காலோடு சேர்த்தால் நீங்கலாக' என்று ஒரு வரி இல்லை.

ஒரே பாட்டிலுக்குள் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது, பாருங்கள். ஒன்று சேர்க்கைக்குத் தகுந்தபடி மாறுகிறது. இன்னொன்று எந்தச் சேர்க்கைக்கும் அசைவதில்லை. வள்ளுவரும் இதைப் பிரித்து வைத்திருக்கிறார். 'சிற்றினம் சேராமை' எழுதிய அதே மனிதர், 'கள்ளுண்ணாமை'யில் எவரோடு குடிக்கலாம், எதைத் தொட்டுக்கொண்டு குடிக்கலாம் என்று ஒரு சலுகையும் தரவில்லை.

மனிதர்களிடத்திலும் இதைப் பிரித்துப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன். உங்கள் ஆபீஸில் சிடுமூஞ்சி மேலதிகாரி ஒருவர் இருப்பார். வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போவார். ஆறு மாதம் கழித்து அங்கிருப்பவர்கள் 'தங்கமான மனுஷன்யா' என்பார்கள். உங்களுக்கு மயக்கம் வரும். வரவேண்டாம். அது துவர்ப்பு. அவருக்கு உங்கள் கூட்டத்தில் மோர் கிடைக்கவில்லை, அங்கே கிடைத்துவிட்டது. பத்து வருடம் முறைத்துக்கொண்ட மாமியாரும் மருமகளும் பேரன் பிறந்ததும் ஒன்றாகப் பூண்டு உரிப்பதும் இந்த ரகம்தான். இவர்களை 'கெட்டவர்' என்று தீர்ப்பு எழுதிவிட்டால், பாட்டிலைத் தனியாக ருசி பார்த்துவிட்டுக் கவிழ்த்துக் கொட்டிய மாதிரி ஆகும்.

ஆனால், ராத்திரி வீட்டுக்கு வந்து மனைவியைக் கைநீட்டி அடிக்கிறவன்? மறுநாள் காலையில் 'நான் அப்படிப்பட்டவன் இல்லை... சும்மா கம்பெனி கொடுக்கப் போனேன்' என்கிறானே? 'கம்பெனி' என்ற சொல்லின் லத்தீன் வேர், சேர்ந்து ரொட்டி தின்பவன் என்பது. சேர்ந்து தின்றவன் மேல் பழியைப் போட வசதியான சொல்! கூட்டாளிகள் அவன் எத்தனை ரவுண்டு போனான் என்பதை மாற்றியிருக்கலாம். அந்தக் கையை ஓங்கியது யாருடைய கூட்டாளியும் இல்லை. அவள் கன்னத்தில் விழுந்த அடிக்கு ஜோடி உணவு கிடையாது.

இந்தக் கணக்கை லாலிக்கும் போட்டுப் பார்க்க வேண்டாமா? நேர்ப்பேச்சு, முன்கோபம், யாரையும் நம்பாத சுபாவம் என்பதெல்லாம் துவர்ப்பு. வேறு கூட்டத்தில் அதுவே அவருக்குப் புகழ் கொடுத்தது. ஆனால், அதே 1758-ல் பணத்துக்காகத் தஞ்சாவூர் மேல் படையெடுத்துப் போகும் வழியில் கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடினார். உளவாளிகள் என்று சந்தேகப்பட்டு அங்கிருந்த அர்ச்சகர்கள் சிலரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டுவிட்டார். கவர்னர் லெய்ரி நல்லவராக இருந்திருந்தால் அந்த அர்ச்சகர்கள் பிழைத்திருப்பார்களா? கஜானா நிரம்பியிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார் என்று ஒருவர் வாதாடலாம். போயிருக்க மாட்டார்தான். போன பிறகு 'சுடு' என்று சொன்னது கஜானா இல்லை.

லண்டனில் கைதியாக இருந்த லாலி, பாரிஸில் தன்மேல் குற்றம் சாட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானே அனுமதி வாங்கிக்கொண்டு பிரான்ஸுக்குத் திரும்பினார். தைரியம் குறையவில்லை! பாஸ்டில் சிறையில் போட்டார்கள். 'மன்னருக்கும் கம்பெனிக்கும் துரோகம்' என்று தீர்ப்பாயிற்று. 1766 மே மாதம், பேச முடியாமல் வாயை அடைத்து, வண்டியில் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். கீழ்வேளூருக்காக இல்லை, தோற்றதற்காக. அவரோடு சண்டை போட்டவர்கள் பலரும் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். கம்பெனியின் ஓட்டைகள் முழுவதையும் ஒரு தலையில் ஏற்றி, அந்தத் தலையை எடுத்துவிட்டார்கள்.

லாலியின் மகன் விடவில்லை. வால்டேர் துணைக்கு வந்தார். 1778 மே மாதம் அரசரின் மன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சாகக் கிடந்த வால்டேர், செய்தி வந்ததும் மகனுக்கு நாலு வரி எழுதிவிட்டு, சில நாளில் இறந்துபோனார். வழக்கு மறுவிசாரணைக்கு வேறு ஊர் நீதிமன்றங்களுக்குப் போயிற்று. அந்த நீதிபதிகள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். லாலி நிரபராதி என்று முழுமையாக அவர்கள் கடைசி வரை எழுதித் தரவில்லை.